ரிப்கிரெப் ரிவ்யூ: கிரெப் இழுக்குதுன்னு இதுக்கு மாறலாமா?

மார்க்கை முதல்லயே சொல்லிடறேன், 5க்கு 4. கிரெப்ங்கறது லினக்ஸ் டெர்மினல்ல ஃபைலுக்குள்ள டெக்ஸ்ட் தேடற பழைய கமாண்ட், ரிப்கிரெப் அதே வேலைக்கு வந்த புது டூல். டெர்மினல்ல டெக்ஸ்ட் தேடற வேலை தினமும் இருக்கறவங்க ரிப்கிரெப்பை இன்னிக்கே போட்டுக்கலாம், காசு கிடையாது, ஓபன் சோர்ஸ், டெபியன், உபுண்டு, ஃபெடோரா எல்லாத்துலயும் ரிப்கிரெப்ங்கற பேர்லயே பேக்கேஜ் இருக்கு, போட்டப்புறம் டைப் பண்ண வேண்டிய கமாண்ட் ரெண்டே எழுத்து, ஆர்ஜி. ஆனா "கிரெப் திடீர்னு ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு, அதான் மாறலாம்னு பாக்கறேன்"னு வர்றவங்களை மட்டும் கொஞ்சம் நில்லுங்கன்னு சொல்வேன். நிறைய சமயம் ஸ்லோவுக்கு காரணம் கிரெப்பே கிடையாது, டிஸ்க்கோ நெட்வொர்க்கோ தேடறதுக்கு நீங்க எழுதின பேட்டர்னோ இருக்கும், ரிப்கிரெப் அதை சரி பண்ணாது, பல நேரம் அந்தக் காரணத்தை தொடாம தாண்டிப் போயிடும், நமக்கு சரியான மாதிரி தெரியும்.

என் வேலை மத்தவங்க சர்வர்ல லாக், அதாவது ப்ரோக்ராம் எழுதி வைக்கற பதிவு ஃபைல், தோண்டறது. கிரெப், ரிப்கிரெப் ரெண்டும் தினமும் கையில, அதனால எதுக்கும் வக்காலத்து வாங்கறதா இல்ல.

ரிப்கிரெப் 2016ல வந்துச்சு, எழுதினவர் ஆண்ட்ரூ கேலண்ட், ரஸ்ட் லாங்வேஜ்ல எழுதினது. விஎஸ் கோட் எடிட்டர் யூஸ் பண்றவங்களுக்கு தெரியாமலே இது தெரிஞ்சிருக்கும், அதுல ப்ராஜக்ட் முழுக்க தேடற சர்ச் பாக்ஸுக்கு உள்ள ஓடறது ரிப்கிரெப்தான்.

எல்லாரும் முதல்ல வாய பொளக்கற விஷயம் இது: ஒரு வெப் ப்ராஜக்ட் ஃபோல்டர்ல போய் கிரெப் மைனஸ் ஆர் (உள் ஃபோல்டர் எல்லாத்தையும் சேத்து தேடற ஆப்ஷன்) போட்டா டீ குடிச்சிட்டு வரலாம், அதே இடத்துல ஆர்ஜி போட்டா என்டர்ல இருந்து விரல எடுக்கறதுக்குள்ள ரிசல்ட். மேஜிக் எல்லாம் இல்ல. கிரெப் நீங்க சொன்ன ஃபோல்டருக்குள்ள இருக்கற எல்லாத்தையும் படிக்கும், நோட் மாட்யூல்ஸ்னு வெளி லைப்ரரி எல்லாம் குவிஞ்சு கிடக்கற ஃபோல்டர், கோட் மாற்றங்களை கிட் சேத்து வைக்கற டாட் கிட் ஃபோல்டருக்குள்ள இருக்கற பேக் ஃபைல், பில்ட் அவுட்புட், மினிஃபை பண்ணி ஒரே லைன்ல கிடக்கற ஜாவாஸ்க்ரிப்ட், படம், ஸிப் எல்லாம். ரிப்கிரெப் டீஃபால்ட்டாவே கிட்இக்னோர்ல, அதாவது கிட் கண்டுக்க வேண்டாம்னு நாம எழுதி வைக்கற லிஸ்ட்ல, இருக்கறதை தொடாது, புள்ளில ஆரம்பிக்கற ஹிடன் ஃபைலை தொடாது, பைனரின்னு (டெக்ஸ்ட் இல்லாத ஃபைல்) தெரிஞ்சா பாதில விட்டுடும். பீரோவை தொறக்காமலே "சாவி இல்லம்மா"ன்னு சொல்ற பையன் சீக்கிரம்தான் பதில் சொல்வான். நியாயமா கம்பேர் பண்ணணும்னா மைனஸ் யூயூயூ போட்டு ஓட்டுங்க, முதல் யூ இக்னோர் ரூலை எடுத்துடும், ரெண்டாவது ஹிடனையும் சேக்கும், மூணாவது பைனரியையும் சேக்கும், அப்பதான் கிரெப் பண்ற அதே வேலையை அது பண்ணும். அப்பவும் பெரும்பாலும் ரிப்கிரெப்தான் ஜெயிக்கும், ஏன்னா எல்லா கோரையும் யூஸ் பண்ணி பேரலலா தேடும், கிரெப் ஒத்தை த்ரெட்தான். ஆனா அந்த வாய பொளக்கற வித்தியாசம் இருக்காது. இல்லன்னா கிரெப்புலயே எக்ஸ்க்ளூட் டிர் ஆப்ஷன்ல நோட் மாட்யூல்ஸையும் டாட் கிட்டையும் கழிச்சு விட்டு பாருங்க, பாதி பேருக்கு பிரச்சனை அங்கயே முடிஞ்சிடும்.

அந்த ஒரு மார்க்கை நான் பிடிச்சு வச்சதும் இதுக்குத்தான். நிறைய ரெப்போல, அதாவது கிட்ல வச்சிருக்கற ப்ராஜக்ட் ஃபோல்டர்ல, கிட்இக்னோர்ல ஸ்டார் டாட் லாக்னு ஒரு லைன் இருக்கும், ஆப் எழுதற லாக்கும் அதே ஃபோல்டருக்குள்ளயே விழும். அங்க நின்னுகிட்டு ஆர்ஜி போட்டு எரரை தேடினா ஒண்ணும் வராது. எரர் இல்லாம இல்ல, லாக்கை அது பாக்கவே இல்ல. ஒரு ஃபைல்கூட தேடலன்னா மட்டும் "எந்த ஃபைலையும் தேடல, ஏதோ ஃபில்டர் இருக்கலாம்"னு ஒரு வார்னிங் தரும், ஆனா பக்கத்துல நாலு கோட் ஃபைல் இருந்து அதை தேடிட்டா வார்னிங்கும் வராது. பாஸ்வேர்ட் மாதிரி செட்டிங்கை வைக்கற டாட் என்வ் ஃபைலும் அப்படித்தான், பாஸ்வேர்ட் எங்கயாவது கசிஞ்சிருக்கான்னு செக் பண்றவங்க மைனஸ் யூயூ இல்லாம ஆர்ஜி ஓட்டிட்டு "க்ளீன்"னு ரிப்போர்ட் குடுத்துடாதீங்க. சந்தேகமா இருந்தா ஆர்ஜி மைனஸ் மைனஸ் ஃபைல்ஸ்னு அடிங்க, எதையெல்லாம் தேடப்போகுதுன்னு லிஸ்ட் குடுக்கும், மைனஸ் மைனஸ் டீபக் போட்டா எதை எந்த ரூல்னால விட்டுச்சுன்னும் சொல்லும். இந்த ரெண்டு வசதியும் இருக்கறதாலதான் 4, இல்லன்னா 3 குடுத்திருப்பேன்.

இணையத்துல சுத்தற ஸ்பீட் டெஸ்ட் பத்தியும் சொல்லியாகணும், பாதி டெஸ்ட் தப்பு. முதல்ல கிரெப் ஓட்டுவாங்க, ஃபைல் எல்லாம் டிஸ்க்ல இருந்து வரும், படிச்சதை லினக்ஸ் பேஜ் கேஷ்ல, அதாவது காலியா கிடக்கற ராம்ல வச்சுக்கும், அடுத்து அதே ஃபோல்டர்ல ஆர்ஜி ஓட்டுவாங்க, அது ராம்ல இருந்தே படிச்சிடும், உடனே பத்து மடங்கு வேகம்னு ஸ்க்ரீன்ஷாட். ஆர்டரை மாத்தி ஓட்டினா கிரெப் ஜெயிச்சாலும் ஜெயிக்கும். ரூட் யூசரா இருந்தா சிங்க் அடிச்சிட்டு ப்ராக் சிஸ் விஎம்ல ட்ராப் கேஷஸ்ல 3 எழுதிட்டு ரெண்டையும் தனித்தனியா ஓட்டிப் பாக்கலாம், ஓடிட்டு இருக்கற ப்ரொடக்‌ஷன் சர்வர்ல மட்டும் இதை பண்ணாதீங்க, பக்கத்துல இருக்கற டேட்டாபேஸும் சேர்ந்து அழும். இன்னொரு பொறி இருக்கு, இது பல பேருக்கு தெரியாது: அவுட்புட்டை டெவ் நல்லுக்கு, அதாவது வர்றதை எல்லாம் தூக்கி எறியற இடத்துக்கு, அனுப்பி டைம் எடுத்தா லினக்ஸ்ல இருக்கற குனு கிரெப் அதை கண்டுபிடிச்சிடும், யாரும் படிக்கப் போறதில்லன்னு தெரிஞ்சு முதல் மேட்ச்சோட நிறுத்திடும். அப்ப கிரெப் நம்பவே முடியாத வேகத்துல இருக்கும். லைனை எண்ற டபிள்யூசி மைனஸ் எல்லுக்கு பைப் பண்ணி அளங்க.

சரி, உண்மையிலேயே ஸ்லோன்னா? முன்னாடி டைம்னு போட்டு கமாண்டை ஓட்டுங்க, ரியல், யூசர், சிஸ்னு மூணு நம்பர் வரும், மொத்தமா ஆன நேரம், ப்ரோக்ராம் சிபியூல உழைச்ச நேரம், அதுக்காக கெர்னல் உழைச்ச நேரம். ரியல் பெருசா இருந்து மத்த ரெண்டும் சின்னதா இருந்தா கிரெப் வேலையே செய்யல, எதுக்கோ வெயிட் பண்ணிட்டு இருக்கு. யூசர் பெருசா இருந்தா பேட்டர்ன்லயோ லொகேல்லயோ (மொழி, எழுத்து செட்டிங்) பிரச்சனை. சிஸ் பெருசுன்னா லட்சக்கணக்குல குட்டி ஃபைல், இல்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் புதுசா ஒரு ப்ராசஸ் கிளம்பிட்டு இருக்கு. எந்த டூலை மாத்தறதுக்கு முன்னாடியும் இந்த ஒரு லைன் பாத்துடுங்க.

வெயிட் பண்ற கேஸ்தான் அதிகம், அதுலயும் காமெடியானது ஃபைல் பேரே குடுக்காம கிரெப் அடிக்கறது. மைனஸ் ஆரும் இல்ல, ஃபைலும் இல்லன்னா அது கீபோர்டுல இருந்து இன்புட் வரும்னு கம்முனு உக்காந்திருக்கும், நாம ஸ்லோன்னு நினைச்சிட்டு இருப்போம். ஆர்ஜி இந்த இடத்துல சமத்து, பாத் குடுக்கலன்னா நிக்கற ஃபோல்டரையே தேடும். ஆனா ஸ்க்ரிப்டுக்குள்ள, ஸ்டாண்டர்ட் இன்புட்ல ஒரு பைப் தொங்கிட்டு இருக்கற இடத்துல ஆர்ஜி போட்டா அதுவும் அந்த பைப்ப படிக்கப் போய் அதே மாதிரி உக்காந்துடும், அதனால ஸ்க்ரிப்ட்ல எப்பவும் கடைசில டாட் ஸ்லாஷ் போட்டு விட்டுடுங்க.

அடுத்தது ரூட் ஃபோல்டர்ல இருந்து, அதாவது மொத்த சிஸ்டத்தையும் தேடறவங்க. ஸ்லாஷ் குடுத்து மைனஸ் ஆர் போட்டா அது ப்ராக், சிஸ்ங்கற ஃபோல்டருக்குள்ளயும் போகும், அங்க இருக்கறது டிஸ்க்ல இருக்கற ஃபைலே இல்ல, கெர்னல் அப்பப்ப உருவாக்கி காட்டறது. ப்ராக்ல கேகோர்னு ஒண்ணு 64 பிட் மெஷின்ல 128 டெராபைட்னு சைஸ் காட்டும், கேஎம்எஸ்ஜின்னு ஒண்ணு ரூட்டா படிச்சா அடுத்த கெர்னல் மெசேஜ் வர்ற வரைக்கும் விடாது, ட்ரேஸ் பைப்பும் அதே ரகம். அங்க மாட்டினா ஸ்லோ இல்ல, முடியவே முடியாது. எங்க மாட்டியிருக்குன்னு பாக்கறது ஈஸி, ப்ராசஸ் நம்பரை எடுத்துட்டு ப்ராக்குக்குள்ள அந்த நம்பர் ஃபோல்டர்ல எஃப்டிய எல்எஸ் மைனஸ் எல் பண்ணுங்க, இப்ப எந்த ஃபைலை தொறந்து வச்சிருக்குன்னு முகத்துலயே எழுதியிருக்கும், எஸ்ட்ரேஸ் மாதிரி பெரிய டூல் எல்லாம் அப்புறம். ரிப்கிரெப்ல மைனஸ் மைனஸ் ஒன் ஃபைல் சிஸ்டம்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ஆரம்பிச்ச ஃபைல் சிஸ்டத்தை விட்டு வெளிய போகாது, கிரெப்ல இது கிடையாது, ஃபைண்ட் கமாண்டோட எக்ஸ்டெவ் ஆப்ஷனோட சேத்துத்தான் பண்ணணும். இதுக்கு ரிப்கிரெப்புக்கு ஒரு கைத்தட்டு.

நெட்வொர்க் மவுண்ட்ல, அதாவது வேற மெஷின்ல இருக்கற டிஸ்க்கை நெட்வொர்க் வழியா பாக்கறப்ப, எதுவும் பெருசா உதவாது. டாப்ல ப்ராசஸ் ஸ்டேட் டி-ன்னு நின்னா டிஸ்க்குக்கோ என்எஃப்எஸ் நெட்வொர்க் ஷேருக்கோ காத்துட்டு இருக்குன்னு அர்த்தம். எனக்கு தெரிஞ்ச ஒரு ஆஃபீஸ்ல லாக் எல்லாம் என்எஃப்எஸ் ஷேர்ல, "கிரெப்பை அப்டேட் பண்ணுங்க"ன்னு டிக்கெட் மேல டிக்கெட், லாக் இருக்கற மெஷினுக்கே எஸ்எஸ்ஹெச் பண்ணி அங்கயே தேடினா பட்டுனு வருது, அவங்க கேக்கணுமே. விண்டோஸ்ல டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டறது) வச்சிருக்கறவங்களுக்கும் இதே கதை, எம்என்டி ஸ்லாஷ் சி கீழ இருக்கற விண்டோஸ் ஃபைலை லினக்ஸ் பக்கத்துல இருந்து தொட்டா ஒவ்வொரு தொடலும் 9பி ப்ரோட்டோகால் வழியா போய்ட்டு வரணும், கோடை லினக்ஸ் பக்கம் ஹோம் டைரக்டரிக்கு மாத்தாத வரைக்கும் ஆர்ஜியும் இழுக்கும்.

பழைய ஹார்ட் டிஸ்க்ல ரிப்கிரெப் தன் பலத்தாலயே அடி வாங்கும். எட்டு த்ரெட் எட்டு ஃபைலை ஒரே நேரத்துல கேட்டா சுத்தற டிஸ்க்கோட ஹெட் அங்கயும் இங்கயும் ஓடியே ஓஞ்சிடும், எஸ்எஸ்டில இந்தக் கவலை இல்ல. அப்படிப்பட்ட மெஷின்ல மைனஸ் ஜே 1 குடுத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, சில சமயம் அதுதான் வேகமா வரும்.

லாக்ல புதுசா விழறதை வர வர காட்டற டெயில் மைனஸ் எஃப் போட்டு, அதை ரெண்டு கிரெப்புக்கு பைப் பண்றவங்க "லைவ்ல லேட்டா வருது"ன்னு சொல்றது வேற வியாதி. முதல் கிரெப் பைப்புக்கு எழுதும்போது கொஞ்சம் சேத்து வச்சுத்தான் அனுப்பும், அதான் லேட்டு. லைன் பஃபர்ட் ஆப்ஷன் போட்டா சரி, அதே பேர்ல ஆர்ஜிலயும் இருக்கு.

இப்ப யூசர் டைம் ஏறற கேஸ். லொகேலை மாத்தற எல்சி ஆல் ஈக்வல் சி போடுங்க கிரெப் பறக்கும்னு எங்க பாத்தாலும் மந்திரம் மாதிரி எழுதி வச்சிருப்பாங்க. அது கிரெப் 2.5 காலத்து உண்மை, சென்ட்ஓஎஸ் 5 மாதிரி பழைய சர்வர்ல யூடிஎஃப் 8 லொகேல்ல மைனஸ் ஐ (பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காத தேடல்) போட்டா ஒவ்வொரு எழுத்தையும் மல்ட்டிபைட்டா பிரிச்சுப் பாத்து தவழும், சி லொகேல் போட்டா நிஜமாவே எழுந்து ஓடும். 2010ல வந்த 2.6ல இருந்து இதை படிப்படியா சரி பண்ணிட்டாங்க, இப்ப இருக்கற 3க்கு மேல வெர்ஷன்ல சாதாரண தேடலுக்கு பெருசா வித்தியாசம் இருக்காது. தமிழ் ஃபைல்ல தேடறவங்க இந்த மந்திரத்தை போட்டா வேற வம்பு. நேரா ஒரு தமிழ் வார்த்தையை தேடினா பைட்டுக்கு பைட் ஒத்துப்போறதால கிடைச்சிடும், ஆனா ஸ்கொயர் ப்ராக்கெட்டுக்குள்ள கசட-ன்னு போட்டா போச்சு, ஒவ்வொரு தமிழ் எழுத்தும் யூடிஎஃப் 8ல 3 பைட், சி லொகேல்ல ப்ராக்கெட்டுக்குள்ள இருக்கறது மூணு எழுத்து இல்ல, சிதறின பைட்டு, எல்லா தமிழ் எழுத்துக்கும் முதல் பைட் ஒண்ணேங்கறதால எந்த தமிழ் லைன் வந்தாலும் மேட்ச் ஆகும். தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது, பழக்க தோஷத்துல தமிழ் தேடலுக்கும் மைனஸ் ஐ போடறதை முதல்ல விடுங்க.

பேட்டர்ன்ல பேக்ரெஃபரன்ஸ் (முன்னாடி மேட்ச் ஆனதே திரும்ப வரணும்ங்கறது) இருந்தா குனு கிரெப்போட வேகமான டிஎஃப்ஏ என்ஜின் கைய விரிச்சிடும், பழைய ரெகெக்ஸ் மேட்ச்சர் வந்து உக்காரும், பெரிய ஃபைல்ல அது வேதனை. ரிப்கிரெப் இங்க நேர்மையா நடந்துக்கும், டீஃபால்ட் என்ஜின்ல பேக்ரெஃபரன்ஸ் சப்போர்ட் பண்ண மாட்டேன்னு எரர் குடுத்துட்டு, வேணும்னா மைனஸ் கேபிடல் பி போட்டு பிசிஆர்இ2ங்கற வேற என்ஜினுக்கு போங்கங்கும், நீங்களா தெரிஞ்சுதான் ஸ்லோவான பாதையில கால் வைக்கறீங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச டிசைன் முடிவு இது. ஆயிரக்கணக்குல ஐடியை ஒரு ஃபைல்ல போட்டு மைனஸ் எஃப்ல குடுக்கறவங்க கேபிடல் எஃப்பையும் சேத்துக்கங்க, சாதா டெக்ஸ்ட்னு சொல்லிட்டா அதுக்கு தனி அல்காரிதம் இருக்கு. அந்த ஃபைல்ல காலி லைன் ஒண்ணு இருந்தா உலகத்துல இருக்கற எல்லா லைனும் மேட்ச் ஆகும், அதையும் பாத்துடுங்க. ஃபைண்ட்ல எக்ஸெக் போட்டு பேக்ஸ்லாஷ் செமிகோலன்ல முடிச்சிருந்தா ஃபைலுக்கு ஒரு கிரெப் பிறந்து சாகும், ப்ளஸ்ஸுக்கு மாத்தினா மொத்தமா போகும்.

இதெல்லாம் சொல்றதால கிரெப்பை மட்டம்னு நினைக்காதீங்க. யூனிக்ஸ்ல கென் தாம்ப்சன் 1970கள்ல எழுதினது அதோட மூலம், நாம லினக்ஸ்ல ஓட்டற குனு கிரெப்பை முதல்ல எழுதின மைக் ஹேர்டல் 2010ல ஏன் அது வேகம்னு விளக்கினதோட சாரம் ரெண்டு விஷயம், ஒவ்வொரு பைட்டையும் பாக்காம தாண்டித் தாண்டி தேடு, இன்புட்டை லைன் லைனா உடைக்காத. ரிப்கிரெப்பும் அடிப்படைல இந்த வழிதான், கூடவே பல பைட்டை ஒரே நேரத்துல பாக்கற சிபியூவோட சிம்ட் இன்ஸ்ட்ரக்‌ஷனை நல்லா பிழிஞ்சிருக்காங்க, பல வார்த்தைய ஒரே நேரத்துல தேட இன்டெலோட ஹைப்பர்ஸ்கேன்ங்கற தேடல் லைப்ரரில இருந்து வந்த டெடிங்கற அல்காரிதத்தை எடுத்து வச்சிருக்காங்க. ஒரே ஒரு பெரிய லாக் ஃபைல், சிம்பிளான ஒரு வார்த்தைன்னா ரெண்டுக்கும் வித்தியாசம் கைல உணர்ற அளவுக்கு பெரும்பாலும் இருக்காது. கிட் ரெப்போக்குள்ள மட்டும் தேடறவங்களுக்கு கிட் கிரெப்பே போதும், ட்ராக் பண்ற ஃபைல மட்டும்தான் தேடும், எதுவும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம்.

தினசரி யூஸ்ல பிடிச்சது: ஃபைல் டைப் ஃபில்டர், மைனஸ் டி பிஒய்னா பைத்தான் மட்டும். மைனஸ் இஸட் போட்டா ரொட்டேட் ஆன ஜிஸிப் லாக்குக்குள்ளயும் தேடும். விண்டோஸ்ல இருந்து வர்ற யூடிஎஃப் 16 ஃபைலை ஆரம்பத்துல இருக்கற பிஓஎம்ங்கற அடையாள பைட்டை வச்சு தானா புரிஞ்சுக்கும், கிரெப்புக்கு அது புரியாது, மேட்ச் இருந்தும் இல்லைனு போயிடும். டெர்மினல்ல அழகா ஹெட்டிங் போட்டு காட்டும், பைப் பண்ணினா தானா கிரெப் ஸ்டைலுக்கு மாறிடும்.

பிடிக்காதது: பேரலலா ஓடறதால ரிசல்ட் ஆர்டர் ஒவ்வொரு தடவையும் மாறும், ரெண்டு அவுட்புட்டை டிஃப் பண்றவங்களுக்கு தலைவலி, சார்ட் பாத் போட்டா ஆர்டர் வரும் ஆனா சிங்கிள் த்ரெட் ஆயிடும், அப்புறம் எதுக்கு இதுக்கு மாறினோம். கஸ்டமர் சர்வர்ல போய் இன்ஸ்டால் பண்ண பெர்மிஷன் இருக்காது, ஒரே பைனரி ஃபைலா காப்பி பண்ணி வைக்கலாம்னாலும் செக்யூரிட்டி டீம் ஒத்துக்கணும். ஷெல் ஸ்க்ரிப்ட்ல நான் இன்னும் கிரெப்தான் எழுதறேன், எல்லா இடத்துலயும் இருக்கறது வேணும்னா கிரெப்பே சரின்னு ரிப்கிரெப்போட ரீட்மிலயே ஒத்துக்கிட்டிருக்காங்க.

தமிழ் டெக்ஸ்ட் வச்சிருக்கறவங்களுக்கு கடைசியா. யூடிஎஃப் 8 ஃபைலா இருந்தா ஆர்ஜி நல்லாவே தேடும், ஆனா ஒகர ஓகார உயிர்மெய்ல உஷார். 'கொ'வுல வர்ற குறியை யூனிகோட்ல ஒரே கோடாவும் வைக்கலாம், ஒத்தைக்கொம்பு தனி கால் தனின்னு ரெண்டாவும் வைக்கலாம், ஸ்க்ரீன்ல ஒரே மாதிரி இருக்கும், பைட் வேற. ஆர்ஜியும் கிரெப்பும் இதை ஒண்ணாக்கி பாக்காது, கண்ணுக்கு முன்னாடி இருக்கற வார்த்தை கிடைக்கலன்னா டூலை திட்டறதுக்கு முன்னாடி ஃபைலை நார்மலைஸ் பண்ணி, அதாவது ஒரே வடிவத்துக்கு மாத்திப் பாருங்க. 2000களோட ஆரம்பத்துல டிஸ்கில (யூனிகோடுக்கு முந்தி புழங்கின தமிழ் என்கோடிங்) எழுதி வச்ச மடல்கள், மின்னூல்கள் யார்கிட்டயாவது இருந்தா, யூடிஎஃப் 8 லொகேல்ல கிரெப் அதை பைனரின்னு சொல்லிட்டு போயிடும், ஆர்ஜிக்கு மைனஸ் கேபிடல் இ-ல பல என்கோடிங் தெரியும் ஆனா டிஸ்கி அதுல இல்ல. வழி இருக்கு, குனு சிஸ்டத்துல இருக்கற ஐகான்வ் கமாண்டுக்கு டிஸ்கி தெரியும், அதை வச்சு யூடிஎஃப் 8க்கு மாத்தற ரெண்டு லைன் ஸ்க்ரிப்ட் எழுதி ஆர்ஜியோட மைனஸ் மைனஸ் ப்ரீ ஆப்ஷன்ல குடுத்துட்டா தேடும்போதே மாத்தி மாத்தி தேடும். ஃபைலுக்கு ஒரு ப்ராசஸ் ஓடறதால இது நல்லாவே ஸ்லோ, ப்ரீ க்ளாப் போட்டு அந்த பழைய ஃபைலுக்கு மட்டும்னு சுருக்கிக்கங்க, இல்ல ஒரே தடவையா எல்லாத்தையும் கன்வர்ட் பண்ணி வச்சுட்டு அதுல தேடுங்க, நான் ரெண்டாவதைத்தான் பண்ணினேன்.